"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

2019இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று, நண்பர் ஒருவர் கொடுத்த பழைய மேசைக் கணினி. இன்னொன்று, என் அண்ணன் மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் சார்ஜ் நிற்காது, ஒயரைச் செருகியே வைத்திருக்க வேண்டும். வருகிற பிள்ளைகள் ஒன்பது பேர்.

போன சனிக்கிழமை புதிதாக ஒரு பையன் வந்தான். மூன்றாம் வகுப்பு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் ஆள்காட்டி விரலை மானிட்டரில் வைத்து மேலே தள்ளினான். ஒன்றும் நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினான். "டீச்சர், இது ஹேங் ஆயிருச்சு" என்றான்.

மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன்மேல் தப்பே இல்லை. அவன் பிறந்ததிலிருந்து பார்த்த திரை எல்லாம் தொட்டால் நகரும். மவுஸ் என்ற ஒன்றை அவன் தொட்டதே இல்லை. என் கையை அவன் கைமேல் வைத்து நகர்த்திக் காட்டினேன். மேசைமேல் கை போகிறது, திரையில் அம்பு போகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபட ஐந்து நிமிடம் ஆனது. பிறகு பெயிண்ட் திறந்து கொடுத்தேன்.

வீடு ஒன்று வரைந்தான். வண்ண வாளியை எடுத்துக் கூரைக்குச் சிவப்பு ஊற்றினான். கூரைக் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இடைவெளி. அந்த வழியாக வண்ணம் வெளியே வந்து படம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்."

இதே வார்த்தையை இதே தொனியில் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

2006-07 கல்வியாண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்போது நான் பட்டதாரி ஆசிரியை. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் எங்கள் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. பின்னால் பெரிய டப்பா வைத்த மானிட்டர்கள். விண்டோஸ் எக்ஸ்பி. சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தோம். ஒரு ஆசிரியை தன் பழைய புடவையைக் கிழித்து மூன்றுக்கும் உறை தைத்துக் கொண்டுவந்தார். அறைக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியர் மேசையில். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வட்டார வள மையத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாளும் போனேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்தாறு ஆசிரியர்கள். யாருக்குக் கொஞ்சம் தெரியுமோ அவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்போம். மொத்தத்தில் நான் மவுஸைத் தொட்டது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். இதை வெளியே சொல்ல வெட்கம். பள்ளிக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையில் கம்ப்யூட்டர் படம் வரைந்தேன். பாகங்களைக் குறித்தேன். "கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ்" என்று எழுதிப்போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். ஆறு வாரம் இப்படியே போனது. பத்தடி தூரத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் புடவைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் இப்படிக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கி ஓட்டினார்கள். அதில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு 30 வயது. சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகும் ஒரு அக்கா. சைக்கிளின் பாகங்களைக் குறி என்று அந்த அக்கா சொல்லவில்லை. என்னை ஏற்றிவிட்டு, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "விழுந்தா எந்திரிச்சுக்கலாம் டீச்சர், நீங்க மிதிங்க" என்றார். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் நாள் ஓட்டினேன்.

அதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. ஏனென்றால் சைக்கிள் அந்த அக்காவுடையது இல்லை, வாடகை சைக்கிள். கம்ப்யூட்டரோ அரசாங்கச் சொத்து. கெட்டுப்போனால் நான் பதில் சொல்ல வேண்டும். என்னுடைய அந்தப் பயத்தைத்தான் பாடம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பத்திரிகையில் டில்லி கால்காஜியில் 1999இல் நடந்ததைப் படித்தேன். சுகதா மித்ரா என்பவர் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். படித்த வேகத்தில் மறுநாளே உறையை எடுத்தேன். "போங்க, தொடுங்க" என்றேன்.

என்ன ஆனது? மூன்று மவுஸும் மூன்று பெரிய பையன்கள் கையில். அவர்களைச் சுற்றி அடுத்த வரிசைப் பையன்கள். பெண் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்று பார்த்தார்கள். இரண்டு நாளில் ஒரு மவுஸின் அடியில் இருந்த ரப்பர் உருண்டை காணாமல் போனது. அது மைதானத்தில் கோலிக்குண்டு ஆட்டத்தில் இருந்தது!

அதன் பிறகுதான் சில விதிகள் போட்டேன். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். முக்கியமான விதி ஒன்று: தெரிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "இங்க குடு, நான் பண்றேன்" என்று மவுஸைப் பிடுங்கினால் அன்று அவருக்கு முறை கிடையாது. ஆசிரியர்களே, இதை மட்டும் செய்து பாருங்கள். பிடுங்கிச் செய்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஒன்றும் கற்பதில்லை, செய்தவனும் புதிதாகக் கற்பதில்லை. வாயால் சொல்ல வேண்டும் என்றால் தெரிந்தவனும் யோசித்தாக வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள். தமிழ்99 விசைப்பலகையை அவள் கற்றுக்கொண்ட வேகத்தை இன்றும் சொல்வேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். "டீச்சர், இதுக்கு இலக்கணம் தெரியுது!" என்று அந்தப் பெண்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழகாகச் சொல்லியும் கொடுப்பாள்.

ஒருநாள் தலைமையாசிரியர் பள்ளியின் மொத்த மாணவர் பட்டியலையும் தட்டச்சு செய்து தரச் சொன்னார். 212 பெயர்கள், பிறந்த தேதி, தந்தை பெயர். எனக்குத் தட்டச்சு வராது. ஒரு எழுத்தைத் தேடித் தேடி, மூன்று நாள் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து அடித்து முடித்தேன். மறுநாள் அனுப்ப வேண்டும். காலையில் திறந்தால் பட்டியல் இல்லை. 'மை டாக்குமென்ட்ஸ்' முழுக்கத் தேடினேன். இல்லவே இல்லை.

முதல் பாடவேளையில் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்.

"யாரைக் கேட்டு என் ஃபைலைத் தொட்ட?"

எழுந்து நின்றாள். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்."

நான் நம்பவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் உழைப்பு போன ஆத்திரம், தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். "தெரியாதவ தொடக் கூடாது. இனிமே நீ இந்த ரூம் பக்கமே வராத" என்றேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்குமோ என்னவோ.

பட்டியலை மறுபடியும் கையால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கோபம் தணிந்து அவளை உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், ஆனால் வாசல் பக்கமாகவே நின்றாள். அவள் முறை வந்தால் பக்கத்துப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாள். நானும் வற்புறுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் எழுதிய விடுப்புக் கடிதங்களை வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். நடுவில் விசித்திரமான பெயரோடு ஒரு ஃபைல். ஆங்கில எழுத்துகளும் கொக்கி கொக்கியான குறிகளும் கலந்த பெயர். திறந்தேன். என்னுடைய 212 பெயர்கள்!

நடந்தது இதுதான். அன்று மாலை பட்டியலைச் சேமிக்கும் முன்பு, பிள்ளைகளின் கடிதம் ஒன்றை அந்த ஃபோல்டரிலிருந்து திறந்து பார்த்திருக்கிறேன். அதனால் என் பட்டியலும் அதே ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிட்டது. பெயர் கொடுக்காமல் எண்டரைத் தட்டியிருக்கிறேன். முதல் வரியையே வேர்டு பெயராக எடுத்துக்கொண்டது. அது யூனிகோடு பரவாத காலம். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், ஃபைல் பெயரில் வந்தால் இப்படித்தான் கிறுக்கலாகத் தெரியும். ரீசைக்கிள் பின் என்று ஒன்று இருப்பது அன்று எனக்கு நினைவுக்கு வந்திருந்தால், அதில் பட்டியல் இல்லை என்பதைப் பார்த்தே யாரும் அழிக்கவில்லை, வேறெங்கோதான் இருக்கிறது என்று யோசித்திருக்கலாம்.

தெரியாதவள் தொடக் கூடாது என்றால், தொட்டிருக்கக் கூடாதவள் நான்தான்.

மறுநாள் வகுப்பில் என்ன சொன்னேன்? "லிஸ்ட் கிடைச்சிருச்சு" என்றேன். அவ்வளவுதான். எங்கே கிடைத்தது, யார் தப்பு, எதையும் சொல்லவில்லை. ஆசிரியர் மாணவியிடம் வருத்தம் தெரிவித்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

ஆனால் என் பாடம் மாறியது. அடுத்த ஆண்டிலிருந்து ஓய்வு பெறும்வரை, முதல் வகுப்பு அழிக்கும் வகுப்பு. பெயிண்டில் எதையாவது வரை. இப்போது அதைக் கெடு. நன்றாகக் கெடு. இப்போது கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டு. பழைய படம் திரும்பி வரும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! எக்ஸ்பியில் இருந்த பெயிண்டில் மூன்று படிதான் பின்னால் போக முடியும். இதை நான் சொல்லவில்லை, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எண்ணிக் கண்டுபிடித்தான். "மூணு தப்புக்கு மேல பண்ணுறதுன்னா முன்னாடியே சேவ் பண்ணிக்கணும் டீச்சர்" என்றான். புத்தகத்தில் இருந்து இப்படிப் புரியவைக்க முடியுமா?

இரண்டாம் வகுப்பில், ஒவ்வொருவரும் ஒரு ஃபைலை உருவாக்கித் தாங்களே அழிக்க வேண்டும். பிறகு ரீசைக்கிள் பின்னில் தேடி மீட்க வேண்டும். அடுத்தது, பீரோ பாடம். பள்ளி பீரோவைத் திறந்து காட்டுவேன். இது பீரோ, இது தட்டு, இது நோட்டுக் கட்டு, இது உன் நோட்டு. உன் நோட்டு எங்கே இருக்கிறது என்று வழி சொல். அதேபோல் உன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டு வழி சொல், பெயரும் நீயே வை. 2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அது எங்களுக்குப் பெரிய வாத்தியார். யுபிஎஸ் 'கீ கீ' என்று கத்தத் தொடங்கினால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ட்ரோல் எஸ் தட்டுவார்கள்.

இப்போது வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பீரோ பாடம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. போனில் எல்லாம் தெரியும். படம் எடுப்பார்கள், அனுப்புவார்கள். ஆனால் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் "கேலரில" என்பதோடு சரி.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

இந்த ஜூன் மாதம் பட்டா நகல் எடுக்க ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தன் மகனுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து "டீச்சர்" என்றார். பதினேழு பதினெட்டு வருஷம் ஆகியும் முகம் தெரிந்தது. அவளேதான்.

பேசிக்கொண்டே இருக்கும்போது என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், எம்மகன் பேரு தப்பா அடிக்கிறாங்க."

திரையைப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறியிருந்தது. அடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னேன், உடனே திருத்திவிட்டார். "நீதான் பாத்துட்டியே, ஏம்மா நீயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நம்ம எதையாவது சொல்லி, அது வேற எதாவது ஆயிருச்சுன்னா டீச்சர்?" என்று சிரித்தாள்.

ஒருகாலத்தில் தமிழ்99இல் என்னைவிட நான்கு மடங்கு வேகமாக அடித்த பிள்ளை. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தி அவளிடம் சொன்னேன். "அந்த லிஸ்ட நீ அழிக்கலம்மா. நான்தான் வேற இடத்துல வச்சிருந்தேன். அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்."

"தெரியும் டீச்சர்" என்றாள். "கிடைச்சிருச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே தெரியும்."

அதில் கோபம் இல்லை. குற்றம்சாட்டும் தொனியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்கிறது. நான் சொல்கிறேனா என்று எட்டாம் வகுப்பு முடியும்வரை காத்திருந்திருக்கிறாள்.

என்னால்தான் அவள் கம்ப்யூட்டரை விட்டாள் என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கும். பத்தாவதோடு படிப்பு நின்றது, கல்யாணம், வீடு, மூன்று வேளை அடுப்பு. ஆனால் அந்தக் கையைப் பின்னால் மறைக்கவைத்தது நான்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை மானிட்டரைத் தள்ளிய பையன் அவள் மகன். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்று அவன் சொன்னபோது எங்கள் இருவர் கண்ணும் ஒருமுறை சந்தித்தன.

"நீதான்டா பண்ணுன, சரியாத்தான் பண்ணிருக்க" என்றேன். "கூரையில ஓட்டை இருக்கு, பெயிண்ட் ஒழுகிருச்சு. இப்ப இந்த ரெண்டையும் அமுக்கு." அமுக்கினான். சிவப்பு எல்லாம் போய் வீடு மட்டும் நின்றது. என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். வேண்டுமென்றே மறுபடியும் சிவப்பை ஊற்றினான். மறுபடியும் மீட்டான். ஆறேழு தடவை இதே விளையாட்டு. பிறகு கூரையின் ஓட்டையைத் தேடி அடைத்தான். "அம்மா, இங்க வாயேன், அழிச்சிட்டுத் திரும்ப வரவைக்கிறேன் பாரு!" என்று கத்தினான்.

அவள் இரண்டு எட்டு உள்ளே வந்தாள். "நீ பண்ணு, அம்மா இங்கேருந்தே பாக்குறேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அது அங்கேயே இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியர்களே, பெற்றோர்களே, முதல் நாளில் பாகங்களின் பெயர் வேண்டாம். முதல் நாளிலேயே கெடுக்கவும் சரிசெய்யவும் விடுங்கள். எல்லாக் கையும் மவுஸைத் தொட்டதா என்று எண்ணுங்கள். ஏதாவது காணாமல் போனால் முதலில் நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்று தேடுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே, அதே வகுப்பில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். என் மாதிரி பதினேழு வருஷம் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் நூலகத்தில் இரண்டு மவுஸில் ஒன்றின் இடது பட்டன் சரியாக வேலை செய்வதில்லை. யார் வீட்டிலாவது ஒயர் வைத்த மவுஸ் சும்மா கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சின்னக் கைக்குப் பிடிக்க வசதியாகச் சிறியதாக இருந்தால் ரொம்ப நல்லது.